தசையின் வலிமை கண்டவர்: டாக்டர் சுப்பாராவ் சரிதம்

தமிழிலே உடலைக் குறிக்கும் சொற்கள் பலவுள. அவற்றுள் யாக்கை என்னுஞ் சொல் பொருள் பொதிந்தது. யாத்தல் என்றாற் கட்டுதல். புலவன் செய்யுளை யாப்பது போல, என்பும் தோலும் நரம்பும் தசையும் கொண்டு யாக்கப்பட்டமையால் உடல் யாக்கையாயிற்று. இக்கட்டினுள்ளே பெரும்பாடு படுவது தசை. வளர்ந்த ஆடவன் ஒருவனுடைய நிறையில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கு, என்போடு ஒட்டிய தசைகளேயாம். நிற்றலும் நடத்தலும் சுமத்தலும் அவற்றாலாவன. அத்தசைக்கு வேண்டிய வலிமை எவ்வடிவில் உள்ளே வைக்கப்பட்டிருக்கின்றது, செலவாகுங்கால் அஃது எவ்வாறு ஈடுசெய்யப்படுகின்றது என்னும் வினாக்களுக்கு 1927 ஆம் ஆண்டுவரை உலகம் தக்க விடை அறிந்திலது. அவ்விடையின் முதற்படியைக் கண்டோருள் ஒருவர், சென்னையிலே கல்வி கற்று, கடல் கடந்து சென்று, தாய்நாடு திரும்பாமலே மறைந்தவர். டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது அவர் பெயர். அப்பெருமகனாரின் சரிதத்தைச் சுருங்கச் சொல்லுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கணம் படிப்பிக்கும் பண்டிதனுக்கு இரசாயனம் எதற்கு என்று வாசகருட் சிலர் வினவலாம். கல்முனைக்குத் தெற்கே, சாய்ந்தமருதை அடுத்துள்ள காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் இவ்வினாவுக்கு என்றோ விடை தந்துவிட்டார். மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதராகவும் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியாகவும் ஒருங்கே விளங்கிய அவர், விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தமிழிலே ஆக்குதற்கும் உழைத்தார். அடிகளும் சுப்பாராவும் ஏறத்தாழ ஒரே காலத்தவர். அடிகள் 1892 இற் பிறந்து 1947 இல் மறைந்தார். சுப்பாராவ் 1895 இற் பிறந்து 1948 இல் மறைந்தார். இருவரையும் இளமையிலே இராமகிருஷ்ண இயக்கம் ஈர்த்தது. ஒருவர் துறவு பூண்டு ஆசிரியராயினார். மற்றவர் துறவு பூண விழைந்து வைத்தியராயினார்.

சுப்பாராவ் பிறந்த ஊர், அந்நாளிற் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த கோதாவரிக் கரைப் பகுதியிலுள்ள பீமவரம். பிறந்த நாள் 1895 ஜனவரி 12. தாய்மொழி தெலுங்கு. குடும்பம் வறியது, தந்தையாரும் அவருடைய இளமையிலேயே காலமானார். பதின்மூன்று வயதளவில், காசிக்குப் போய் யாத்திரிகருக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாமென எண்ணி வீட்டைவிட்டு ஓடினாரென்றும், வழியிலே பிடித்து மீட்கப்பட்டாரென்றும் அவர் வரலாற்றை எழுதினோர் கூறுவர். படிப்பிலும் அவர் எடுத்த எடுப்பில் வெற்றி கண்டவரல்லர். சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிற் பயின்று, மூன்றாம் முறையிலேதான் மெற்றிக்குலேஷன் பரீட்சையிற் சித்தியெய்தினார். பரீட்சையிலே தவறிய மாணாக்கரைப் பயனற்றவரென்று முடிவுகட்ட அவசரப்படும் ஆசிரியருலகம் இதனைச் சற்றே மனத்திற் கொள்ளுதல் நன்று.

பின்னர் மாநிலக் கல்லூரியிற் கற்கும்போது கணிதத்தில் அவருக்கு நாட்டம் மிகுந்திருந்தது. ஆயினும் உள்ளம் துறவையே நாடிற்று. இராமகிருஷ்ண இயக்கத்தார், வைத்தியம் கற்றால் நோயாளருக்குப் பணிபுரியலாமென்று அவரை நெறிப்படுத்தினர். அவ்வாறே சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். காந்தியடிகளின் இயக்கம் நாடெங்கும் பரவிய காலம் அது. சுப்பாராவ் கதராடை அணிந்து அறுவைச் சிகிச்சைக் கூடத்துட் புகுந்தார். ஆங்கிலப் பேராசிரியர் அதனை விரும்பவில்லை. எழுத்துப் பரீட்சையை நன்கு செய்திருந்தும், எம்.பி.பி.எஸ். பட்டம் கிடையாமல், அதனினும் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழையே அவர் பெற்றார்.

அவருடைய உள்ளத்தைத் துளைத்த வேறொரு துயரும் உண்டு. அவருடைய சகோதரர் இருவர் கிராணி வகையைச் சார்ந்த கொடிய குடல்நோயால் அடுத்தடுத்து மாண்டனர். உண்ட உணவு உடலிற் சுவறாது, குருதி வற்றி, தசை கரைந்து, என்பும் தோலுமாய் மனிதன் மடிகின்ற நோய் அது. உண்ட சோறு எங்ஙனம் உடலாகின்றது, எங்ஙனம் உழைப்பாகின்றது, எதனால் அவ்வழி அடைபடுகின்றது என்பவற்றை அறிய வேண்டுமென்னும் தாகம் அவருட் பிறந்தது. உணவு உடலினுள்ளே பல மாற்றங்களை அடைந்து உழைப்பாகும் இத்தொடரையே விஞ்ஞானியர் அனுசேபம் என்பர். சுப்பாராவின் வாழ்நாள் முழுவதும் இவ்வொரு சொல்லினுள் அடங்கும்.

சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியிலே சிலகாலம் கற்பித்தபின், 1920களின் முற்பகுதியில், மாமனாரும் தரும நிதியமொன்றும் உதவ, அவர் அமெரிக்காவின் பொஸ்டன் நகரை அடைந்து ஹார்வாட் பல்கலைக்கழகத்தில் வெப்பவலய நோய்களைப் பற்றிக் கற்றார். இளம் மனைவி ஊரிலே இருந்தார். கணவனும் மனைவியும் மீண்டும் சந்திக்கவேயில்லை. பொருள் முட்டிய நாட்களில் வைத்தியசாலையிலே இரவுதோறும் நோயாளரின் மலசலச் சட்டிகளைக் கழுவி வயிறு வளர்த்தாரென்பர். அந்நிலையிலேதான் சைரஸ் பிஸ்க் என்னும் உயிரிரசாயனப் பேராசிரியரின் ஆய்வுகூடத்துள் அவருக்கு இடங்கிடைத்தது.

அக்காலத்துத் தசையறிவு எந்நிலையில் இருந்ததென்பதை ஈண்டுக் கூறவேண்டும். ஆங்கில நாட்டு ஹில் என்பாரும் செருமனி நாட்டு மேயர்ஹோப் என்பாரும் தசையாராய்ச்சிக்காக 1922 ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பெற்றிருந்தனர். தசை உழைக்கும்போது அதிலுள்ள கிளைக்கோசன் என்னும் மாப்பொருள் இலத்திக்கமிலமாக மாறுகின்றது. அவ்வமிலமே தசையைச் சுருங்கச் செய்கின்றது என்பது அந்நாளைய கொள்கை. பரிசு பெற்ற கொள்கையாதலின் அதனை ஐயுறுவோர் அரியர்.

பிஸ்க்கும் சுப்பாராவும் இக்கொள்கையை எதிர்க்கப் புறப்பட்டவரல்லர். குருதியிலும் தசையிலும் பொசுபரசு எவ்வளவு உளதென்று அளப்பதற்கு எளிய முறையொன்றையே முதலில் வகுத்தனர். அளக்கவேண்டிய நீருடன் அமிலமும் மொலிப்டேற்றும் வேறொரு பொருளும் கலந்தால் நீலநிறம் தோன்றும். பொசுபரசு மிகுந்தால் நீலம் கடுக்கும், குறைந்தால் வெளிறும். 1925 இல் வெளியான இம்முறை இன்றும் அவ்விருவர் பெயராலேயே வழங்குகின்றது.

இம்முறையைத் தசையிலிருந்து வடித்த நீரிலே கையாண்டபோது ஒரு புதுமை தோன்றிற்று. உடனே தோன்றவேண்டிய நீலம் உடனே தோன்றவில்லை. மெல்ல மெல்லக் கடுத்துச் சில நிமிடங்களின் பின்னரே முழுநிறம் எய்திற்று. கருவியிற் பிழையென்று மற்றொருவர் தள்ளிவிட்டிருப்பார். இவர்கள் அத்தாமதத்தையே ஆராய்ந்தனர். எளிதிற் பிரிந்துவிடும் ஏதோவொரு சேர்க்கையிலே பொசுபேற்று கட்டுண்டு கிடக்கின்றது. அமிலத்திலே அது சிறிது சிறிதாக விடுபடுதலாலேயே நிறம் தாழ்க்கின்றது எனக் கண்டனர். அச்சேர்க்கை கிரியேற்றின் என்னும் பொருளோடு இணைந்த பொசுபேற்று. தசை உழைத்தால் அது குறைகின்றது. ஓய்ந்தால் மீண்டும் நிறைகின்றது. இஃது 1927 இல் வெளிவந்தது. அதே காலத்தில் இங்கிலாந்தில் எகிள்ற்றன் தம்பதியரும் இப்பொருளின் சுவட்டைக் கண்டிருந்தனர். 1929 இல் பிஸ்க்கும் சுப்பாராவும் தசையினின்று அடினோசின் முப்பொசுபேற்று என்னும் மற்றொரு பொருளைப் பிரித்தெடுத்தனர். செருமனியிலே கார்ல் லோமன் என்பாரும் அவ்வாண்டிலேயே தனித்து அதனைக் கண்டார். அடுத்த ஆண்டிலே டென்மார்க்கு நாட்டு லுண்ட்ஸ்கார்ட் என்பார், இலத்திக்கமிலம் சிறிதும் தோன்றாவண்ணம் தடுக்கப்பட்ட தசையும் கிரியேற்றின் பொசுபேற்று உள்ளவரை சுருங்குகின்றதெனக் காட்டினார். பழைய கொள்கை வீழ்ந்தது. ஹில் பெருந்தகை புதிய உண்மையை மனமுவந்து ஏற்றார்.

இக்கண்டுபிடிப்பின் பொருளை நம் மாணாக்கர் எளிதில் உணர, எங்கள் கரையிலே கரைவலை இழுப்போரை எண்ணிக்கொள்ளட்டும். கயிற்றைப் பற்றி முதல் இழுவை இழுக்கின்ற இரண்டு மூன்று விநாடிகளுக்கு வேண்டிய வலிமையை, தசையிலே ஆயத்தமாயுள்ள அடினோசின் முப்பொசுபேற்றே தந்துவிடும். அது கைச்சில்லறை போன்றது, உடனே செலவிடலாம், உடனே தீர்ந்தும் போகும். கிரியேற்றின் பொசுபேற்று மடியில் முடிந்த நோட்டுப் போன்றது. அதனை மாற்றிச் சில்லறையாக்கியே செலவிடல் வேண்டும். அது முழுவேக உழைப்பிலே பத்து விநாடியளவுக்குக் கைகொடுக்கும். அதற்கப்பால் வேண்டுவதைக் கிளைக்கோசனாகிய பட்டறை நெல் சிறிது நேரத்துக்கு ஈடுசெய்யும். மடி கரையேறும்வரை நீடிக்கின்ற உழைப்புக்கோ, மூச்சுக்காற்றின் ஒட்சிசன் துணைகொண்டு சீனியையும் கொழுப்பையும் எரித்துப் பெறும் வலிமை வேண்டும். அது வயல் விளைவு போன்றது. மெல்ல வரும், நின்று உதவும். வலை இழுப்போர் மூச்சுவாங்கி மணலில் அமரும் சில நிமிடங்களில் மடிநோட்டு மீண்டும் முடியப்படுகின்றது. நாளொன்றுக்கு மனிதவுடல் இவ்வாறு செலவிட்டு மீளவாக்கும் அடினோசின் முப்பொசுபேற்று, ஏறத்தாழ அவ்வுடலின் நிறைக்கே நிகராகுமென்று கணிப்பர். ஒரு நேரத்திலே கையிருப்போ மிகச் சிறிது. ஆகவே வலிமை என்பது சேர்த்து வைத்த செல்வமென்பதினும், ஓயாது நிகழும் கொடுக்கல் வாங்கல் என்பதே பொருந்தும்.

இவ்வுண்மையிலிருந்து உடற்பயிற்சியின் பயனும் நோயின் தீமையும் நமக்கு விளங்குகின்றன. சீனடியும் சிலம்படியும் பயின்ற முன்னோர் பயிற்சியால் உடல் உரம்பெறுமென அனுபவத்தால் அறிந்திருந்தனர். அதன் காரணத்தை, 1967 இல் அமெரிக்க ஆராய்ச்சியாளரான ஹொலொசி என்பார் ஓடப் பழக்கிய எலிகளின் தசையிலே கண்டார். ஒட்சிசனைக் கொண்டு எரிக்கின்ற அடுப்புகளாகிய இழைமணிகளின் ஆற்றல் பயிற்சியாற் பெருகுகின்றது. பயிற்சியை விட்டாற் பெருகியது குறைகின்றது. நெடுநாள் படுக்கையிற் கிடப்போரின் தொடை மெலிவதை நாம் கண்ணாரக் காண்கின்றோம். முதியவர்க்கு அவ்வாறு இழந்த தசையை மீட்டல் அரிது. எனினும் முயன்று பயின்றால் எழுபதிலும் தசை உரம்பெறும்.

எங்கள் ஊர்களிலே சீனிவருத்தம் என வழங்கும் நீரிழிவை எடுத்துக்கொள்வோம். எனக்கும் அந்நோய் உண்டு. மாத்திரையோடு நடையையும் வைத்தியர் விதித்தபோது, நடை வெறும் புத்திமதியென்றே முதலில் எண்ணத் தோன்றும். உண்மை வேறு. உண்டபின் குருதியிலேறும் குளுக்கோசின் பெரும்பகுதியை ஏற்கவேண்டியவை தசைகள். இன்சுலின் தட்டினாற் திறக்கவேண்டிய அவற்றின் வாயில்கள் நோயாளியிடத்து நன்கு திறப்பதில்லை. தசை சுருங்கி உழைக்கும்போதோ, இன்சுலினை எதிர்பாராமலே வாயில்கள் திறக்கின்றன. அஸர் தொழுகைக்குப்பின் கடற்கரை மணலில் நடக்கின்ற அரைமணி நேரமும் மருந்தின் ஒரு பகுதியே.

தசையினுள்ளேயே குற்றம் நேர்வதும் உண்டு. கிளைக்கோசனை உடைக்கமாட்டாத தசையையுடைய ஒரு நோயாளியை 1951 இல் மக்காடில் என்னும் ஆங்கில வைத்தியர் விவரித்தார். பட்டறையிலே நெல் நிறைந்திருந்தும் பூட்டைத் திறக்க இயலாதவன் நிலை அது. சிறிது உழைத்தாலும் தசை நோகும், இலத்திக்கமிலம் தோன்றாது. 1981 இல் ஒக்ஸ்போட் அறிஞர்கள், இத்தகைய நோயாளியின் தசையைச் சிறிதும் வெட்டாமல், காந்த அதிர்வு முறையினாலே அதனுள்ளிருக்கும் பொசுபேற்றுப் பொருள்களை வெளியிலிருந்தே அளந்தனர். நீலநிறத்தைக் கொண்டு சுப்பாராவ் அளந்தவற்றையே அவர்களும் அளந்தனர் என்க. இன்று சிறுநீரகத்தைச் சோதிக்க வைத்தியசாலைகளிலே குருதியில் அளக்கும் கிரியேற்றினினும், தசையிலுள்ள கிரியேற்றினும் அதன் பொசுபேற்றும் சிதைந்து பிறப்பதே.

இத்தகைய பெரும்பணி செய்தவர்க்கு ஹார்வாட்டிலே கிடைத்ததென்ன? 1930 இற் கலாநிதிப் பட்டம் கிடைத்தது; நிலையான உயர்பதவி கிடைக்கவில்லை. அதே ஆய்வுகூடத்தில் மாணவராயிருந்து 1988 இல் நோபெல் பரிசு பெற்ற ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ் பின்னாளில் ஒரு செய்தியைக் கூறினார். சுப்பாராவ் பிரித்தெடுத்த நியூக்கிளியோற்றைடுகள் சிலவற்றைப் பல்லாண்டுகளின்பின் மற்றையோர் மீண்டும் கண்டுபிடிக்க நேர்ந்ததென்றும், அவருடைய பங்கு அக்காலத்தில் வெளிவராமற் போனமையே அதற்குக் காரணமென்றும் அவர் உரைத்தார். சுப்பாராவோ இதுபற்றி வழக்காடி நின்றாரல்லர். செய்யவேண்டிய வேலை இன்னும் இருந்தது.

1940 இல் அவர் நியூயோர்க்கு மாநிலத்துப் பேர்ள் றிவர் என்னுமிடத்திலுள்ள லெடர்லி ஆய்வுகூடத்திற் சேர்ந்து, விரைவிலே அதன் ஆராய்ச்சிக்குத் தலைவரானார். எஞ்சிய எட்டாண்டுகளில் அவருடைய தலைமையில் விளைந்தவை ஒரு தலைமுறைக்குப் போதியவை. லூசி வில்ஸ் என்னும் ஆங்கில வைத்தியப் பெண்மணி, 1928 முதல் பம்பாயிலே கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ந்து, ஈரலிலும் நொதியத்திலும் அதனைத் தீர்க்கும் பொருளொன்று உண்டென்று காட்டியிருந்தார். அப்பொருளாகிய ஃபோலிக் அமிலத்தைச் சுப்பாராவின் குழுவினர் 1945 இல் ஆய்வுகூடத்திலேயே ஆக்கினர். அவருடைய சகோதரரைக் கொன்ற குடல்நோய்க்கும் அதுவே மருந்தாயிற்று. அவர்களைக் காக்க முடியாத தமையனும் தம்பியுமாகிய அவர், பிறர் வீட்டுப் பிள்ளைகளைக் காத்தார். இன்று எங்கள் கர்ப்பிணிச் சிகிச்சை நிலையங்களிலே தாய்மாருக்கு வழங்கும் சிறு மாத்திரையும் அதுவே.

1947 இல் அவருடைய குழுவினர் யானைக்கால் நோய்க்குரிய மருந்தை வெளியிட்டனர். நம் நாட்டின் மேற்குக் கரையையும் தென்கரையையும் நெடுங்காலம் வருத்திய அந்நோய், பொதுச்சுகாதாரப் பிரச்சினையாக இருந்த நிலையை இலங்கை கடந்துவிட்டதென 2016 இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதற்குத் துணைநின்றவற்றுள் இம்மருந்தும் ஒன்று. ஃபோலிக் அமிலத்துக்கு எதிராகத் தொழிற்படும் அமினொப்தெரின் என்னும் பொருளையும் அக்குழுவினர் ஆக்கினர். அதனைக் கொண்டு பொஸ்டன் வைத்தியர் சிட்னி பார்பர், குருதிப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுட் 10 பேரிடம் தற்காலிகமாகவேனும் நோய் தணிந்ததை 1948 இல் வெளியிட்டார். அவ்வினத்தைச் சேர்ந்த மெதொற்றெக்சேற்று, புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் மட்டுமன்றி, தசை அழன்று வலியிழக்கும் நோய்க்கும் இன்று கொடுக்கப்படுகின்றது. தசையில் தொடங்கிய அவருடைய பணி, சுற்றிவந்து தசைக்கே மருந்தாயிற்று. ஓரியோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியும் அவருடைய தலைமைக் காலத்திலேதான், டக்கர் என்னும் முதுபெரும் அறிஞரின் முயற்சியாற் பிறந்தது.

1948 ஆகஸ்ட் மாதத்தில் ஓரிரவு உறங்கியவர் மறுநாட் கண்விழிக்கவில்லை. இதயமாகிய தசை நின்றுவிட்டது. வயது 53. அமெரிக்கக் குடியுரிமை பெற வாய்ப்பு வந்தபின்னும் அதனைப் பெறாதே வாழ்ந்தவர். நூற்றாண்டு நிறைவான 1995 இல் இந்திய அரசாங்கம் அவர் உருவந் தாங்கிய அஞ்சல்தலையை வெளியிட்டது. ஒரு பூஞ்சைக்கு அறிஞர் அவர் பெயரைச் சூட்டினர். நோபெல் பரிசு அவரை நாடி வந்ததில்லை.

எங்கள் பாடசாலைகளின் உயர்தர வகுப்புகளிலே அடினோசின் முப்பொசுபேற்றின் பெயரை மாணாக்கர் நாள்தோறும் எழுதுகின்றனர். அதனைப் பிரித்தெடுத்தோருள் ஒருவர், மூன்றுமுறை பரீட்சை எழுதித் தேறிய ஏழைப் பிள்ளை என்பதை அவர்களுட் பலர் அறியார். ஆசிரியர் அதனையும் சேர்த்துச் சொல்லுவாராயின், பாடம் மனத்தில் நிற்பதோடு, பின்வாங்கில் அமர்ந்திருக்கும் ஒருவனுடைய உள்ளமும் நிமிரும். உழைக்குந்தோறும் குறைவதுபோற் காட்டி, ஓய்ந்தெழும்போது நிறைவதே தசையின் இயல்பு. அவ்வியல்பைக் கண்டவரின் வாழ்வும் அத்தகையது. அவரை நினைக்க விரும்புவோர் அவர் பெயரைச் சொல்லிக்கொடுக்கட்டும். தம் தசைகளைச் சோம்பவிடாது நடக்கட்டும். அவருக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு இவையிரண்டுமேயாம்.